திருட்டுப்போன வண்டி கிடைத்துவிட்டதா? அவசரப்பட்டு அல்வா வாங்காதீர்கள்!

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. உட்கார்ந்தாலே கோபம் வந்துவிடும். கோபத்தில் எனக்குத் தமிழ் சரியாக வராது, அதனால் விட்டுவிட்டேன்.

போன வாரம் என் வகுப்புக்காரன் ஒருவன் ஹாஸ்டலில் எல்லாருக்கும் அல்வா கொடுத்தான். (நிஜமான அல்வாதான். திருநெல்வேலிக்காரன் அல்வா கொடுத்தான் என்று எழுதினாலே விளக்கம் போட வேண்டியிருக்கிறது.) "என்னலே விசேஷம்?" என்று கேட்டேன். மூன்று மாதத்துக்கு முன் காணாமல் போன அவன் அண்ணனுடைய கார் கிடைத்துவிட்டதாம். ஆளையும் பிடித்துவிட்டார்களாம். வண்டி ஸ்டேஷனில் பத்திரமாக நிற்கிறதாம்.

"எப்பல எடுத்துட்டு வரப்போறிய?"

"கேஸ் முடிஞ்சதும் தருவாங்களாம்."

வாயில் போட்ட அல்வாவை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இதே வார்த்தைகளை 2023-ல் எங்கள் மாமா வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன விலை கொடுத்தோம் என்று சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சட்டம் படிப்பவன் இல்லை. படிப்பது மெக்கானிக்கல், அதிலும் இரண்டு அரியர். இதில் வரும் சட்ட விஷயமெல்லாம் சட்டக் கல்லூரியில் படிக்கும் நண்பன் ஒருவனை டீக்கடையில் உட்காரவைத்து உருவியது. பிறகு அவன் சொன்ன தீர்ப்புகளை நானே தேடிப் படித்தேன். முதல் தீர்ப்பைப் படித்து முடித்த ராத்திரி தூங்கவில்லை.

எங்கள் மாமாவிடம் ஒரு குட்டியானை இருந்தது. வெளியூர்க்காரர்களுக்காக: குட்டியானை என்றால் டாடா ஏஸ். சேரன்மகாதேவி பக்கத்துத் தோப்புகளில் வாழைத்தார் ஏற்றி, விடிவதற்குள் டவுன் நயினார்குளம் மார்க்கெட்டில் இறக்குவார். திரும்பி வரும்போது எது கிடைத்தாலும் ஏற்றுவார். சிமெண்ட், கல்யாண வீட்டுப் பாத்திரம், ஒருமுறை கோயில் கொடைக்கு வந்த வில்லுப்பாட்டு கோஷ்டியை வில்லோடும் குடத்தோடும். மாதம் 9,800 ரூபாய் தவணை. அத்தையின் சங்கிலி முன்பணமாகப் போயிருந்தது.

2023 ஆகஸ்ட் கடைசியில் ஒரு ராத்திரி வண்டியைக் காணோம். வாசலில் நிறுத்தியது, வாசலிலேயே இல்லை. நாங்கள் போன முதல் ஸ்டேஷனில் "இது எங்க லிமிட் இல்லையே" என்றார்கள். இரண்டாவது ஸ்டேஷனில் "ரெண்டு நாள் தேடிப் பாருங்க, யாராவது தெரிஞ்சவங்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றார்கள். குட்டியானையை யார் சொல்லாமல் இரவல் வாங்குவார்கள்? மூன்றாம் நாள்தான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. இதற்கு நடுவில் மாமாவின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: நாங்குநேரி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருக்கிறது, நேரம் விடியற்காலை 2.40. திருடியவன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்காத அப்பாவி! அந்தச் செய்தியைக் காட்டிய பிறகுதான் வேலை சூடுபிடித்தது. அக்டோபரில் குமரி மாவட்டத்தில் ஒரு வாகனச் சோதனையில் வண்டி சிக்கியது. வழக்குப் பதிவான நிலையத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஆற்றுக்கு ரொம்பத் தூரமில்லாத இடம் என்பது மட்டும் போதும்.

மாமா அரை கிலோ அல்வா வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் உடைந்திருந்தது, மற்றபடி முழுசு. மாமா பானட்டைத் தடவிக் கொடுத்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள், நீங்களாக இருந்தாலும் கலங்கியிருப்பீர்கள்.

"எப்ப ஏட்டையா எடுத்துக்கிடலாம்?"

"கேஸ் முடியட்டும் அண்ணாச்சி. முக்கிய சாட்சியமே வண்டிதான. எங்க போயிரப்போவுது, இங்கதான நிக்கி."

நல்ல மனிதர். அல்வாவைக்கூட "வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொண்டுபோங்க" என்றார். அதனால்தான் சொல்கிறேன், இது கெட்ட போலீஸ்காரர்களைப் பற்றிய கதை இல்லை. லஞ்சம் கேட்டிருந்தால்கூட ஒருவேளை வண்டி வந்திருக்கும். நல்லவர் ஒருவர், தான் உண்மை என்று நம்பும் தப்பான தகவலை மரியாதையாகச் சொன்னார். நாங்கள் மரியாதையாக நம்பினோம்.

அதற்கப்புறம் நடந்தது தமிழ்நாட்டில் எந்த ஸ்டேஷன் வளாகத்தை எட்டிப் பார்த்தாலும் தெரிவதுதான். வரிசையாக வண்டிகள். சக்கரம் மண்ணில் புதைந்து, சீட்டைக் கிழித்துக்கொண்டு எருக்கஞ்செடி முளைத்து, மஞ்சள் பெயிண்டில் எழுதிய வழக்கு எண்கூட அழிந்துபோய் நிற்கும். நம் பக்கத்தில் பாதி மணல் வண்டிகள். 2010-ல் நல்லகண்ணு தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை போட்டது. அதற்குப் பிறகும் பிடிபடும் லாரிக்கும் மாட்டுவண்டிக்கும் குறைவில்லை. அந்தக் கதை வேறு, அங்கே வண்டியே குற்றத்தின் கருவி. ஆனால் திருடுபோன வண்டி என்ன தப்பு செய்தது? மணல் திருடிய லாரியும் திருட்டுக்கொடுத்த குட்டியானையும் ஒரே மரத்தடியில் ஒரே தண்டனையை அனுபவிக்கின்றன. திருடன் முப்பது நாளில் ஜாமீனில் வந்துவிட்டான். வண்டிக்குத்தான் ஜாமீன் இல்லை.

நவம்பரில் பேட்டரி இல்லை. எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த தடவை போனபோது ஸ்டெப்னி இல்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் இருந்தது. மாமா வாடகைக்கு வண்டி பிடித்து ஓட்டினார், மிஞ்சியது டீச் செலவுக்கு. இந்த மூன்று மாதமும் எங்கள் குடும்பம் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? "தெரிஞ்ச ஆள்" தேடிக்கொண்டிருந்தது. அம்மாவின் சித்தப்பா மகன் ஒருவருக்குக் கட்சியில் ஒருவரைத் தெரியும். அவருக்கு ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஒருவரைத் தெரியும். அவர் "பேசிப் பாக்கேன்" என்றார். பேசினார். "கேஸ் முடியட்டுமாம்" என்று அவரும் வந்து சொன்னார். கோர்ட்டுக்குப் போகலாமா என்று நான் ஒருமுறை வாயெடுத்தபோது தாத்தா அதட்டினார்: "நம்ம வம்சத்துல ஒருத்தனும் கோர்ட்டு வாசப்படி மிதிச்சதில்ல." ஏதோ சாராயக்கடை வாசப்படி மாதிரி!

டிசம்பர் 17. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றியே தண்ணீர். அந்த ராத்திரி தாமிரபரணி எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் ஒன்று எங்கள் வேப்பமரத்தடி. மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தோம். ஸ்டீயரிங் மேல்விளிம்பு வரை சேற்றுக் கோடு. கேபினுக்குள் யாருடைய வீட்டுத் தலையணையோ ஒன்று கிடந்தது. மாமா இந்த முறை பானட்டைத் தடவவில்லை.

பொங்கல் முடிந்து, வேறு வழியில்லாமல், தாத்தாவுக்குத் தெரியாமல், நண்பன் சொன்ன ஒரு வக்கீலிடம் போனோம். அவர் நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அக்டோபர்லயே ஏன் வரல?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பக்க மனு. கூட ஆர்.சி. புத்தகம், முதல் தகவல் அறிக்கை, ஆதார் இவற்றின் நகல்கள். ஒன்பதாம் நாள் உத்தரவு வந்துவிட்டது.

ஒன்பது நாள்!

கேஸ் அப்போது மட்டுமல்ல, இன்றைக்கு வரை முடியவில்லை. கேஸ் முடியவேண்டியதே இல்லை என்பதுதான் விஷயம்.

இனி அந்த வக்கீல் சொன்னதும் நான் படித்ததும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973-ல் 451 என்று ஒரு பிரிவு. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, கைப்பற்றிய பொருளை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். விசாரணைக்கு முந்தைய கட்டத்துக்கு 457. இந்தப் பிரிவுகளை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002 அக்டோபர் 1 அன்று, சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. கைப்பற்றிய வண்டிகளை நாள்கணக்கில் ஸ்டேஷனில் போட்டுவைப்பதால் ஒரு பயனும் இல்லை. தேவைப்படும்போது கொண்டுவருவேன் என்று உரிமையாளரிடம் பிணைப் பத்திரமும் உத்தரவாதமும் வாங்கிக்கொண்டு மாஜிஸ்திரேட் உடனடியாகத் திருப்பித் தர வேண்டும். யாரும் உரிமை கோராத வண்டியை ஏலம் விட வேண்டும். அதுவும் ஆறு மாதத்துக்குள். நான் அப்போது பிறக்கவே இல்லை. நான் பிறக்கும் முன்பே முடிவான ஒரு விஷயத்தைத்தான் 2023-ல் எங்களிடம் "கேஸ் முடியட்டும்" என்று சொன்னார்கள்.

அந்த வழக்கின் கதையைக் கேட்டால் இன்னும் ருசியாக இருக்கும். அதில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார் தெரியுமா? குஜராத் போலீஸ்காரர்கள். ஸ்டேஷன் பொறுப்பில் இருந்த வழக்குச் சொத்துகளை எடுத்துக்கொண்டு போலியை வைத்தார்கள், பணத்தைக் கையாடினார்கள், அனுமதியில்லாமல் ஏலம் விட்டார்கள் என்பது வழக்கு. அதை விசாரிக்கும்போதுதான் நீதிபதிகள், பொருளை ஸ்டேஷனில் வைப்பதே இந்த வினைக்கெல்லாம் விதை என்று சொல்லி வண்டிகள் பற்றியும் விரிவாக எழுதினார்கள். அதற்கும் முன்னால் 1977-ல் கர்நாடகத்து வழக்கு ஒன்று: திருடனிடமிருந்து மீட்ட நகைகளை ஸ்டேஷனில் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள், அங்கிருந்து அவை காணாமல் போயின. நகையைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அரசாங்கம் அதன் மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு முறை திருடுபோன நகை!

"சாட்சியம்" என்று ஏட்டையா சொன்னாரே, அதற்கும் பதில் இருக்கிறது. வண்டியைப் போட்டோ எடுத்து, சான்றிதழோடு கோப்பில் வைத்தால் போதும், வழக்கில் அதைச் சாட்சியமாகப் பயன்படுத்தலாம் என்று 2002 தீர்ப்பே சொல்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனங்களின் அமைப்பு தொடுத்த வழக்கில் 2010-ல் மறுபடியும் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள், எது நல்ல சாட்சியம்? பிடித்த அன்றைக்கு எடுத்த தெளிவான போட்டோவா, அல்லது நான்கு வருடம் கழித்து சேஸிஸ் எண்ணே துருவில் காணாமல் போன ஒரு இரும்புக் குப்பையா? வண்டியை உக்கவிட்டுவிட்டு அதைச் சாட்சியத்தைப் பாதுகாப்பது என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

சரி, அதெல்லாம் பழைய சட்டம். 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பெயர் வாயில் நுழையவில்லை, அது தனிச் சண்டை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது நல்லதாகவே செய்திருக்கிறது. பழைய 451 இப்போது 497, பழைய 457 இப்போது 503. 497-ல் கெடு வைத்திருக்கிறார்கள். பொருள் நீதிமன்றத்தில் காட்டப்பட்ட 14 நாளுக்குள் அதைப் பற்றிய விவரப் பட்டியல் தயாராக வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் வீடியோவும். பட்டியல் தயாரான 30 நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்று உத்தரவு வர வேண்டும். அந்தப் போட்டோவே சாட்சியம் என்று சட்டமே சொல்லிவிட்டது. இனி எந்த ஏட்டையாவும் "கேஸ் முடியட்டும்" என்று சொல்ல முடியாது.

சொல்கிறார்கள். போன வாரம்கூட என் வகுப்புக்காரனின் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

போலீஸ் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, மறைக்கமாட்டேன். "கோர்ட் ஆர்டர் இல்லாம நான் எப்படித் தர முடியும்? நாளைக்கு என் வேலை போயிரும்" என்பார்கள். ஒரு காவலர் தன் இஷ்டத்துக்குச் சாவியைக் கொடுத்துவிட முடியாது என்பது சரிதான். ஆனால் முழுக்கச் சரியும் இல்லை. பழைய சட்டத்தின் 102(3), புதிய சட்டத்தின் 106(3) பிரிவை எடுத்துப் படியுங்கள். கைப்பற்றிய பொருளை நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது சிரமமாக இருந்தாலோ, வைக்கச் சரியான இடம் இல்லாவிட்டாலோ, விசாரணைக்கு இனி அது தேவையில்லை என்றாலோ, கேட்கும்போது கோர்ட்டில் ஆஜர்படுத்துவேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு போலீஸ் அதிகாரியே ஒருவரிடம் ஒப்படைக்கலாம். வேப்பமரத்தடியை விடவா இடம் இல்லாததற்கு அத்தாட்சி வேண்டும்? அந்த அதிகாரம் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் பின்னால் கேள்வி வரும், பயன்படுத்தாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். அரசாங்க வேலையில் இந்தக் கணக்குக்கு எப்போதும் ஒரே விடைதான்.

அதுகூடப் போகட்டும். நான் அதிகமாக எதையும் கேட்கவில்லை. வண்டி கிடைத்ததும் உரிமையாளருக்குப் போன் போடுகிறார்கள் அல்லவா, அந்தப் போனில் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லட்டும்: "நாளைக்கே கோர்ட்ல மனு போட்டுருங்க அண்ணாச்சி." எல்லா ஸ்டேஷன் சுவரிலும் ஏதேதோ பலகை இருக்கிறது, இதற்கும் ஒன்று எழுதி மாட்டட்டும். பெயிண்ட் செலவை நான் தருகிறேன். அந்த வாக்கியத்தை 2023 அக்டோபரில் யாராவது சொல்லியிருந்தால், வெள்ளம் வந்த அன்றைக்கு எங்கள் குட்டியானை வீட்டு வாசலில், மேட்டில் நின்றிருக்கும்.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் திருட்டு வண்டியைப் போலீஸ் மீட்டுத் தூக்கிவந்தால், தூக்கிவந்த கூலியும் நிறுத்திவைத்த நாள் வாடகையும் பறிகொடுத்தவன் தலையில்தான். கேட்டால் எரிச்சல் வரும். ஆனால் பாருங்கள், நாள் வாடகை ஏறுகிறது என்று தெரிந்தால் எவனும் சீக்கிரம் ஓடிப்போய் எடுத்துக்கொள்வான். நம் ஊரில் வாடகை கிடையாது, எல்லாம் இலவசம். நீங்கள் கொடுக்கும் விலை வண்டியேதான்.

என் வகுப்புக்காரர்களுக்காகச் சில நடைமுறை விஷயங்கள். நாளைக்கு உங்களுக்கே நடக்கலாம்.

உங்கள் வண்டி தெருவில் எங்கோ நிற்பதை நீங்களே பார்த்துவிட்டால், வீட்டிலிருந்து மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். கை துறுதுறுக்கும், தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் வண்ணார்பேட்டையில் தன் பைக்கைப் பார்த்து அப்படித்தான் எடுத்துவந்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு சோதனையில் எண்ணைத் தட்டிப் பார்த்தபோது "திருட்டு வண்டி" என்று வந்தது. சொந்த வண்டியைத் திருடியவர் என்ற பெருமையோடு ஒரு ராத்திரி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் நின்று போட்டோ எடுங்கள், 112-க்குப் போன் போடுங்கள், வழக்கு எண்ணைச் சொல்லுங்கள். எடுத்தவன் பக்கத்திலேயே நிற்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். வண்டியை விட மண்டை முக்கியம்.

"எங்க லிமிட் இல்ல" என்று முதலிலேயே திருப்பி அனுப்பினால் மடங்காதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்று புதிய சட்டத்தின் 173-வது பிரிவு சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம்.

இன்சூரன்ஸ் இருந்தால் அதே நாளில் அவர்களுக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். தாமதமாகச் சொன்னாய் என்பதை மட்டும் காரணமாக்கி, போலீசில் உடனே புகார் கொடுத்தவரின் கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்காக டெல்லி வரை போவானேன்? இழப்பீடு வாங்கிய பிறகு வண்டி கிடைத்தால் அது உங்களுடையது இல்லை, கம்பெனிக்குச் சொந்தம். ஆசைப்பட்டு வாங்கிவந்துவிடாதீர்கள். எங்கள் மாமாவுக்கு இந்தக் கவலையே இல்லை. அவரிடம் இருந்தது தேர்ட் பார்ட்டி மட்டும். வண்டி இடித்து யாருக்காவது கால் போனால் அவருக்குக் கொடுப்பார்கள். வண்டியே போனாலோ, ஆற்றில் முங்கினாலோ ஒரு பைசா வராது. இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் பிடிக்க நினைக்கும் எல்லாரும் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கவும்.

அப்புறம் அந்த மனு. வக்கீல் இல்லாமல் நீங்களே போடலாம், சட்டம் தடுக்கவில்லை. பயமாக இருந்தால் 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டு இலவசச் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் 1987 சட்டப்படி அது உரிமை, தர்மம் இல்லை. உத்தரவில் நிபந்தனை இருக்கும்: விற்கக்கூடாது, நிறத்தையோ உருவத்தையோ மாற்றக்கூடாது, கூப்பிட்டால் கொண்டுவர வேண்டும், ஜாமீன்தாரர் கையெழுத்து வேண்டும். சில இடங்களில் ஆர்.சி. புத்தகத்தின் அசலைக் கோர்ட்டில் கொடுத்துவைக்கச் சொல்வார்கள். சொல்லட்டுமே. வண்டி உங்கள் வாசலில் நிற்கும். வெளியே எடுக்கும்முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, என்னென்ன இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் அதையும் செய்யவில்லை.

இதையெல்லாம் போலீசைத் திட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதித் திட்டு எங்கள் குடும்பத்துக்குத்தான். மூன்று மாதம் நாங்கள் தேடிய "தெரிஞ்ச ஆள்" எல்லாரையும் எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர். ஒவ்வொருவரையும் பார்க்கப் போகும்போது வெறும் கையோடு போக முடியாது, பழம், அல்வா, மிக்சர். வக்கீலுக்குக் கொடுத்ததை விட அது அதிகம். கடைசியில் உதவியது நமக்குத் தெரியாத, நம்மையும் தெரியாத ஒரு மாஜிஸ்திரேட். அவர் மாமா எந்த ஊர், யார் மகன், எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. ஆர்.சி.யில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கோர்ட் வாசப்படியைப் பற்றித் தாத்தா சொன்னதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஸ்டேஷன் வாசப்படியை அந்த மூன்று மாதத்தில் நாற்பது தடவையாவது மிதித்திருப்போம், அதில் வம்சத்துக்கு ஒரு கேவலமும் இல்லையாம்.

குட்டியானையை இன்னொரு குட்டியானையின் முதுகில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மெக்கானிக் பார்த்துவிட்டு, இன்ஜினைப் பிரிக்கணும், வயரிங் மொத்தமும் மாத்தணும் என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் பழைய வண்டி ஒன்றே வாங்கலாம். எஃப்.சி. தேதியும் தாண்டியிருந்தது. விற்றுத் தொலைக்கலாம் என்றால் நிபந்தனை இடிக்கிறது, அதற்குத் தனியாக ஒரு மனு போட வேண்டுமாம். இப்போதும் கொல்லையில்தான் நிற்கிறது, கோழி அடைகிறது. மாமா நயினார்குளத்தில் வேறொருவர் வண்டிக்கு டிரைவராகப் போகிறார். நாள் சம்பளம். பழைய தவணை இன்னும் ஏழு பாக்கி.

அல்வா கொடுத்தவனை அன்றைக்கு ராத்திரியே உட்காரவைத்து இவ்வளவும் சொன்னேன். நம்பவில்லை. "போலீஸ்காரங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றான். தீர்ப்பைப் போனில் திறந்து காட்டினேன். அவன் அண்ணன் திங்கட்கிழமை மனு போட்டிருக்கிறார். மழைக்காலம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது.

மாமாவுக்காகப் போட்ட மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. தமிழிலேயே எழுதியது, இரண்டே பக்கம். வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன். மாமா பெயரையும் வண்டி எண்ணையும் எடுத்துவிட்டு உங்களுடையதைப் போட்டுக்கொள்ளலாம். புது வழக்காக இருந்தால் 451 என்று இருக்கும் இடத்தில் 497, 457 என்று இருக்கும் இடத்தில் 503 என்று மாற்ற மறக்காதீர்கள்.